பழைய கேசட்டுகளை இனியும் வைத்திருக்க வேண்டுமா? கிரேட்ஃபுல் டெட் கச்சேரிப் பதிவுகள் பற்றி

கேசட்பெட்டி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். 1991 முதல் 1997 வரை அமெரிக்காவில் படிப்பும் வேலையுமாக இருந்தேன். அந்த ஆறு வருடத்தில் கிரேட்ஃபுல் டெட் என்ற அமெரிக்க ராக் குழுவின் கச்சேரிப் பதிவுகளைப் பலரோடு மாற்றி மாற்றிச் சேர்த்தேன். மொத்தம் 212 கேசட். ஊர் திரும்பும்போது குளிர்கோட்டுகளையும் பாதிப் புத்தகங்களையும் அங்கேயே கொடுத்துவிட்டு இவற்றை மட்டும் பெட்டியில் அடுக்கிக்கொண்டு வந்தேன். கோயம்புத்தூர் வீட்டில் இத்தனை வருடமும் பீரோவின் மேல் தட்டில் இருந்தன.

இப்போது வீடு மாறுகிறோம். "அப்பா, இந்தத் தேதியெல்லாம் இன்டர்நெட் ஆர்க்கைவில் இருக்கிறதே, எதற்கு இந்தப் பாரம்?" என்று மகள் கேட்டாள். அந்த இலவச இணையக் காப்பகத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தேடினேன். அவள் சொன்னது சரிதான். என் பட்டியலில் இருக்கிற எல்லாத் தேதியும் அங்கே கிடைக்கிறது. சில இரவுகளுக்கு ஐந்தாறு பதிவுகள் இருக்கின்றன.

கேசட் ஒன்றுக்கு 90 நிமிடம் என்றால் 212 கேசட்டுக்கு 318 மணி நேரம். இவ்வளவு நேரம் செலவழித்துக் கம்ப்யூட்டருக்கு மாற்றுவதில் யாருக்காவது பயன் உண்டா? தூக்கிப் போட மனசு வரவில்லை. அதனால்தான் கேட்கிறேன்.

பின்வரிசை எழுதியது:

தயவுசெய்து தூக்கிப் போடாதீர்கள் சார். தேதி ஒன்று என்பதால் டேப்பும் ஒன்றாகிவிடாது. ஒரே இரவில் ஒரே அரங்கத்தில் எத்தனையோ பேர் மைக் நட்டுப் பதிவு செய்திருப்பார்கள். ஒருவர் நடுவில் நின்றிருப்பார், ஒருவர் இடது ஓரத்தில். ஒருவரிடம் நல்ல நாகமிச்சி மைக் இருந்திருக்கும், இன்னொருவர் கையில் கிடைத்ததை வைத்துப் பதிந்திருப்பார். ஆர்க்கைவில் இருப்பது அவற்றில் யாரோ சிலருடைய பதிவு. உங்களிடம் இருப்பது யாருடையது என்று பார்க்காமல் எதையும் சொல்ல முடியாது.

முதலில் கேசட் அட்டைகளைப் பாருங்கள். எஸ்பிடி என்று எழுதியிருந்தால் மேடை ஒலியைக் கலக்கிற மிக்ஸிங் போர்டிலிருந்து நேராக எடுத்தது. ஏயூடி என்றால் கூட்டத்தில் மைக் வைத்து எடுத்தது. அதற்குப் பக்கத்தில் ஏதாவது எண் இருக்கிறதா? 1, 2, 4 என்று? அதுதான் தலைமுறை. மூல டேப்பிலிருந்து எடுத்த படி முதல் தலைமுறை, அதிலிருந்து எடுத்தது இரண்டாவது, இப்படியே போகும். கேசட்டில் ஒவ்வொரு படிக்கும் இரைச்சல் ஏறும். சம அளவு இரைச்சல் இரண்டு சேர்ந்தால் 3 டெசிபெல் கூடும். இரண்டு கேசட் டெக்குகளின் ஓட்ட வேகத்தில் கொஞ்சம் வித்தியாசம் இருந்தாலும் சுருதி நகர்ந்துவிடும். ஆறாவது தலைமுறைக்கு வரும்போது ட்ரம்ஸின் சிம்பல் ஓசை எல்லாம் மணல் அள்ளிக் கொட்டுவது போல ஆகிவிடும்.

ஆர்க்கைவில் நான்காம் தலைமுறை இருந்து உங்களிடம் முதல் தலைமுறை இருந்தால், பீரோவுக்குள் இருப்பதுதான் உலகத்திலேயே நல்ல பிரதியாக இருக்கலாம்.

கேசட்பெட்டி எழுதியது:

அட்டைகளை எல்லாம் வெளியே எடுத்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். பாதிக்கு மேல் என் கையெழுத்து. தலைமுறை எழுதியது ஏறக்குறைய 90 கேசட்டில் மட்டும்தான். மற்றவற்றில் தேதி, ஊர், பாட்டுகள், அவ்வளவுதான். அந்த வயதில் அதன் அருமை தெரியவில்லை. இப்போது வருத்தமாக இருக்கிறது.

எப்படிச் சேர்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பல்கலைக்கழகக் கம்ப்யூட்டர் லேபில் யூஸ்நெட் என்ற பழைய இணைய விவாத வலையின் செய்திக்குழு ஒன்று உண்டு, ரெக் டாட் மியூசிக் டாட் ஜிடெட். புதிதாக வருகிறவனிடம் மாற்றுவதற்கு ஒன்றும் இருக்காது. "பிளாங்க்ஸ் அண்ட் போஸ்டேஜ்" என்று கேட்டு எழுதுவோம். வெற்று கேசட் இரண்டும், திருப்பி அனுப்புவதற்கான தபால்தலையும் உறையில் வைத்து அனுப்பினால், முகம் தெரியாத ஒருவர் தன் நேரத்தில் பதிந்து அனுப்புவார். எனக்கு முதலில் அனுப்பியவர் வெர்மான்ட்டில் இருந்தார். உள்ளே ஒரு சின்னத் தாள்: "அடுத்த புதியவருக்கு நீங்கள் செய்யுங்கள்." ஒரு சென்ட்கூட வாங்கவில்லை. உதவித்தொகையில் மாதத்தை ஓட்டிக்கொண்டிருந்த எனக்கு, தெரியாத ஊரில் ஒரு மனிதர் மூன்று மணி நேரம் டெக் பக்கத்தில் இருந்து பக்கம் திருப்பிப் போட்டிருக்கிறார் என்பது பெரிய விஷயமாக இருந்தது. அப்புறம் நானும் இருபது முப்பது பேருக்குச் செய்தேன்.

மேக்ஸெல் எக்ஸ்எல்2 90 தவிர வேறு கேசட் அனுப்பினால் சிலர் கோபித்துக்கொள்வார்கள். இரைச்சல் குறைக்கிற டால்பி போடக்கூடாது. இதெல்லாம் அப்போது சட்டம் மாதிரி.

புதுக்காது எழுதியது:

நான் இந்த இசைக்குழுவை இரண்டு வருடமாகத்தான் கேட்கிறேன், அதனால் அடிப்படைக் கேள்வி. ரசிகர்கள் கச்சேரியைப் பதிவு செய்ய எந்தக் குழுவாவது விடுமா? திருட்டுப் பதிவு ஆகாதா? இன்னொன்று, போர்டு பதிவு அவ்வளவு தெளிவாகக் கிடைக்கும்போது கைதட்டலும் விசிலும் கலந்த பதிவை ஏன் தேடுகிறீர்கள்?

பின்வரிசை எழுதியது:

இந்தக் குழு விட்டது தம்பி. தொடக்கத்தில் ஒளித்துத்தான் எடுத்தார்கள். 1970களின் நடுவில் பதிவு செய்கிறவர்கள் பெருகிவிட்டார்கள். 1980களில் மைக் கம்பங்கள் காடு மாதிரி எழும்பி, மிக்ஸிங் போர்டில் இருந்தவர்களுக்கே மேடை மறைக்க ஆரம்பித்தது. அப்போது ஒலிப்பொறியாளர் டான் ஹீலி. தடை செய்வதற்குப் பதிலாக 1984 அக்டோபரில், பெர்க்லி கம்யூனிட்டி தியேட்டர் கச்சேரிகளின்போது, போர்டுக்குப் பின்னால் டேப்பர்களுக்கென்று, அதாவது பதிவு செய்கிற ரசிகர்களுக்கென்று, தனி இடம் ஒதுக்கினார்கள். தனி டிக்கெட்டே விற்றார்கள். ஒரே நிபந்தனை, இதை வைத்து யாரும் காசு பண்ணக்கூடாது.

இதற்குப் பின்னால் இன்னொன்றும் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். குழுவின் கிடார் கலைஞர் ஜெர்ரி கார்சியாவே டேப்பராக இருந்தவர். கிரேட்ஃபுல் டெட் தொடங்குவதற்கு முந்தைய வருடம், 1964இல், நண்பர் சாண்டி ராத்மனோடு டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு காரில் நாட்டைக் கடந்து போய் ப்ளூகிராஸ் என்ற அமெரிக்க நாட்டுப்புற இசைக் கச்சேரிகளைப் பதிவு செய்தார். கேட்டுக் கேட்டு பாஞ்சோ கற்றுக்கொண்ட ஆள். முன்வரிசையில் மைக்கோடு நிற்கிற பையனைப் பார்த்தால் அவருக்குத் தன் ஞாபகம் வந்திருக்கும்.

குழு எந்த இரவும் முந்தைய இரவு மாதிரி வாசித்ததில்லை. 1965 முதல் 1995 வரை 2,300க்கும் மேற்பட்ட கச்சேரிகள். ஒரே பாட்டு ஒரு நாள் எட்டு நிமிடம், இன்னொரு நாள் இருபத்தைந்து நிமிடம். ஆல்பத்தை வாங்கினால் அந்தப் பாட்டைத் தெரிந்துகொண்டதாக ஆகாது. அதனால்தான் தேதி வாரியாகச் சேர்க்கிறோம்.

ஸ்கார்பரோக்காரன் எழுதியது:

இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன்.

நான் 1986இல் கனடா வந்தவன். தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்த ஒரு வெள்ளைக்கார அண்ணை 1990 மார்ச்சில் ஹாமில்டன் கோப்ஸ் கொலிசியத்துக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனவர். எனக்கு அந்தக் குழுவின் பெயரே அன்றுதான் தெரியும். பாட்டு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் இரண்டாவது செட்டில், அதாவது இடைவேளைக்குப் பிறகு, மேளங்கள் இரண்டும் தனியாகப் பேசத் தொடங்கினபோது எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவின் தவில் தனியாவர்த்தனம்தான் ஞாபகம் வந்தது. நாலு வருடமாக வீட்டை நினைத்து அழாதவன் அன்று அழுதேன்.

அந்தக் கச்சேரியைக் குழுவே பிற்பாடு வடிவாக வெளியிட்டிருக்கிறது. வாங்கினேன், நல்லாய்த்தான் இருக்கிறது. ஆனால் நான் திரும்பத் திரும்பக் கேட்பது கூட்டத்துக்குள் இருந்து எடுத்த பதிவைத்தான். போர்டு பதிவில் மண்டபம் இல்லை. ஒரு பாட்டு இன்னொன்றுக்குள் நழுவுகிறது என்று சனத்துக்கு விளங்குகிற கணம் இருக்கிறதே, முதலில் முன்னால் நாலு பேர் கத்துவார்கள், பிறகு அது பின்னால் அலையாக வரும். அந்த அலைக்குள் நானும் நின்றனான்.

தெளிவொலி எழுதியது:

அண்ணன் சொன்னது மனதைத் தொட்டது. அன்று அரங்கில் இருந்தவர்களுக்கு அது சரி. ஆனால் 1995க்குப் பிறகு பிறந்த என்னைப் போன்றவர்களுக்கு அந்த அலை ஒன்றும் ஞாபகப்படுத்தாது. எனக்குக் குழுவின் ஃபில் லெஷ் பேஸ் கிடாரில் என்ன செய்கிறார் என்று கேட்க வேண்டும். கூட்டப் பதிவுகளில் பேஸ் அரங்கத்துச் சுவரில் மோதிக் குழம்பிவிடுகிறது.

குழுவின் ஒலிப்பதிவாளர் பெட்டி கேன்டர் எடுத்த பதிவுகளைக் கேளுங்கள். 1977 மே 8, கார்னெல் பல்கலைக்கழக பார்ட்டன் ஹால். ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியாக, அதே நேரம் ஒன்றாக. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2011ஆம் ஆண்டுக்கான தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் அந்த டேப்பைச் சேர்த்தது. கூட்டத்தில் நின்று எடுத்திருந்தால் அது அந்த இடத்துக்கு வந்திருக்குமா?

பின்வரிசை எழுதியது:

வந்திருக்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த டேப் உங்கள் காதுக்கு எப்படி வந்தது என்பதையும் பாருங்கள். பெட்டி கேன்டரின் ரீல்கள் ஒரு வாடகைக் கிடங்கில் இருந்தன. அவரால் வாடகை கட்ட முடியாமல் போய் 1986இல் அது ஏலத்துக்குப் போனது. ஏலத்தில் எடுத்தவர்கள் கையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ரீல்கள் சிதறின. அதில் ஒரு பகுதி ரசிகர்கள் கையில் கிடைத்து, சுத்தம் செய்யப்பட்டு, படியெடுக்கப்பட்டு, இலவசமாக ஊரெல்லாம் பரவியது. கார்னெல் புகழ் அடைந்தது அந்தக் கேசட்டுகளால். அதிகாரபூர்வமாக அது வெளியானது 2017 மே மாதத்தில்தான், கச்சேரி நடந்து நாற்பது வருடம் கழித்து. நடுவில் இருந்த அத்தனை வருடமும் அதைக் காப்பாற்றியது கேசட்பெட்டி சார் மாதிரி ஆட்கள்.

குழுவின் டேப் கிடங்கைப் பார்த்துக்கொண்ட டிக் லாட்வாலாவும் அதற்கு முன் ஹவாயில் உட்கார்ந்து டேப் மாற்றிக்கொண்டிருந்த ரசிகர்தான். 1993இல் தொடங்கிய அவருடைய பெயர் தாங்கிய வெளியீட்டு வரிசை 36 தொகுதி போனது.

எனக்கு எஸ்பிடியும் வேண்டும் ஏயூடியும் வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் கலந்து மேட்ரிக்ஸ் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். நன்றாகச் செய்தால் அதற்கு ஈடு இல்லை. ஆனால் மேட்ரிக்ஸ் செய்யவும் நல்ல ஏயூடி ஒன்று வேண்டுமே.

புதுக்காது எழுதியது:

ஆர்க்கைவில் சில பதிவுகளைக் கேட்க மட்டும் முடிகிறது, இறக்க முடியவில்லை. அது ஏன்?

மேடையோரம் எழுதியது:

2005 நவம்பரில் நடந்தது. அதுவரை எல்லாப் பதிவும் இறக்கிக்கொள்ளலாம். திடீரென்று ஒரு நாள் இறக்கும் வசதி நீக்கப்பட்டது. குழுவின் தரப்பிலிருந்து வந்த வேண்டுகோள். ரசிகர்கள் கொதித்துப் போனார்கள். கையெழுத்து இயக்கம், இனிமேல் எதையும் வாங்க மாட்டோம் என்ற அறிவிப்பு எல்லாம். இந்த முடிவு தனக்குத் தெரியாமல் எடுக்கப்பட்டது என்று ஃபில் லெஷ் வெளிப்படையாக எழுதினார். பாடலாசிரியர் ஜான் பெர்ரி பார்லோவும் எதிர்த்தார். சில நாளில் சமரசம் வந்தது. கூட்டப் பதிவுகளை இறக்கலாம், போர்டு பதிவுகளைக் கேட்க மட்டும் செய்யலாம். அதுதான் இன்றைக்கும் நீங்கள் பார்க்கிற ஏற்பாடு.

அந்த வாரம் எனக்கு ஒன்று தெளிவானது. ஓர் இணையதளத்தில் இருக்கிறது என்பதால் ஒரு பதிவு நம்மிடம் இருக்கிறது என்று ஆகாது. அதுவரை நானும் கேசட்டைக் கழித்துக் கட்டுகிற எண்ணத்தில்தான் இருந்தேன். அன்றோடு விட்டேன்.

வினைல்வேட்டை எழுதியது:

கேசட்பெட்டி சார், மொத்தமாகக் கொடுப்பதாக இருந்தால் நான் எடுத்துக்கொள்கிறேன். விலை சொல்லுங்கள். பழைய கேசட்டுக்கு இப்போது நல்ல மதிப்பு இருக்கிறது.

கேசட்பெட்டி எழுதியது:

கேட்டதற்கு நன்றி. ஆனால் இவற்றுக்கு விலை சொல்ல எனக்கு உரிமை இல்லை. இதில் ஒன்றுகூட நான் விலைக்கு வாங்கியது இல்லை. கொடுத்தவர்கள் யாரும் நான் விற்பேன் என்று நினைத்துக் கொடுக்கவில்லை.

ஒரு முறை எனக்கு நடந்தது. நான் ஒருவருக்குப் பதிந்து அனுப்பிய கேசட்டுகளை, என் கையெழுத்து அட்டையோடு, ஓர் இசைத்தட்டுச் சந்தையில் கேசட் பத்து டாலர் என்று அடுக்கி வைத்திருந்ததைப் பார்த்தேன். அங்கேயே நின்று பேசினேன். "நீங்களும் இலவசமாகத்தானே வாங்கினீர்கள்?" என்று அவர் கேட்டார். அவர் கேட்டது உண்மைதான். அதனால்தானே விற்கக்கூடாது என்று எனக்குச் சொல்லத் தோன்றியது, ஆனால் வாயில் வார்த்தை வரவில்லை. எனக்கு அதைக் கொடுத்த வெர்மான்ட் மனிதரிடம் ஒரு மாதம் எழுதக்கூட முடியவில்லை, அவ்வளவு கூச்சமாக இருந்தது.

உங்களுக்கு எந்தக் கச்சேரி வேண்டும் என்று சொல்லுங்கள். படியெடுத்துத் தருகிறேன். பணம் வேண்டாம்.

வினைல்வேட்டை எழுதியது:

மன்னிக்க வேண்டும் சார். வினைல் உலகத்தில் வாங்கி விற்றே பழக்கம், இங்கே வழக்கம் வேறு என்று தெரியாது. 1973 அல்லது 1974 ஏதாவது இருந்தால் கேட்க ஆசை.

நாடாவைத்தியர் எழுதியது:

ஒலிநாடா மாற்றுவது என் பிழைப்பு. அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எடுத்தவுடன் ஓட விடாதீர்கள். நம் ஊர் ஈரத்தில் கேசட்டுக்குப் பூசணம் பிடிக்கும். கேசட்டின் சின்னக் கண்ணாடி ஜன்னல் வழியாக வெளிச்சத்தில் பாருங்கள், சுருளின் விளிம்பில் வெள்ளையாகத் தூள் தெரிந்தால் அந்தக் கேசட்டைத் தனியே வையுங்கள். அது நாடாவைப் படிக்கிற டெக்கின் தலைக்குப் போய், அங்கிருந்து அடுத்த கேசட்டுக்கும் பரவும். அவற்றை என்ன செய்வது என்று தனியாகச் சொல்கிறேன்.

நன்றாக இருப்பவற்றை ஒரு முறை கடைசி வரை முன்னால் ஓட்டி, திரும்பச் சுற்றுங்கள். பல வருடம் ஒட்டிக் கிடந்த சுற்றுகள் தளரும். நாடாவைத் தலையோடு அழுத்துகிற குட்டிப் பஞ்சு கழன்றிருக்கிறதா என்று பாருங்கள். பழைய கேசட்டில் அந்தப் பசை காய்ந்து போவது சாதாரணம். கழன்றிருந்தால் நாடாவை வேறு கூட்டுக்குள் மாற்ற வேண்டும். திருகாணி போட்ட கூடு என்றால் பத்து நிமிட வேலை.

அடுத்ததுதான் எல்லோரும் விடுகிற விஷயம், அஸிமத். பதிந்த டெக்கின் தலை எந்தக் கோணத்தில் இருந்ததோ, ஓட்டுகிற டெக்கின் தலையும் அதே கோணத்தில் இருக்க வேண்டும். ஒவ்வொரு கேசட்டும் வேறு வேறு வீட்டு டெக்கில் பதிந்தது, அதனால் ஒவ்வொன்றுக்கும் தலையின் பக்கத்திலுள்ள சின்னத் திருகாணியைத் திருப்பித் திருப்பிச் சரி செய்ய வேண்டும். இரண்டு சேனலையும் மோனோவாகச் சேர்த்துக் கேளுங்கள். சிம்பல் எந்த இடத்தில் மிகப் பிரகாசமாகக் கேட்கிறதோ அங்கே நிறுத்துங்கள். கேசட் கெட்டுப் போய்விட்டது, மந்தமாக இருக்கிறது என்று வருகிறவர்களில் பாதிப் பேருக்கு நான் செய்வது இது மட்டும்தான்.

24 பிட்டில் எடுங்கள். டால்பி இல்லாமல் பதிந்தது என்று சொன்னீர்கள், அப்படியே டால்பி இல்லாமல் ஓட்டுங்கள். உச்ச அளவு பூஜ்யத்துக்கு 6 டெசிபெல் கீழே நிற்கட்டும். இரைச்சல் நீக்கும் மென்பொருள் பக்கமே போகாதீர்கள். இரைச்சலோடு சேர்த்துக் கிடாரின் நுனியையும் அது தின்றுவிடும். இன்று நீக்காத இரைச்சலை நாளை நல்ல கருவி வந்தால் நீக்கலாம், நீக்கியதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. தரம் குறையாத ஃப்ளாக் கோப்பாகச் சேமியுங்கள். எம்பி3 ஆக்கி யாருக்கும் கொடுக்க வேண்டாம், தரம் குறைந்த அந்தக் கோப்பு ஒரு முறை கைமாறும் பதிவுகளுக்குள் நுழைந்துவிட்டால் எங்கே போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது.

எல்லாவற்றையும்விட முக்கியம், கூடவே ஒரு உரைக்கோப்பு. தேதி, ஊர், அரங்கம், எந்த மைக், எந்த டெக், எத்தனையாவது தலைமுறை, நீங்கள் ஓட்டிய டெக் எது, மாற்றிய தேதி. தெரியாததைத் தெரியாது என்றே எழுதுங்கள். அட்டையின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்துச் சேருங்கள். வம்சாவளி இல்லாத பதிவை அடுத்து வருகிறவர் எதோடும் ஒப்பிட முடியாது.

318 மணி நேரத்தை நினைத்து மலைக்காதீர்கள். தலைமுறை எழுதியிருக்கிற அந்த 90 கேசட்டை முதலில் எடுங்கள்.

கேசட்பெட்டி எழுதியது (ஏழு வாரம் கழித்து):

நாடாவைத்தியர் சொன்னபடி தொடங்கினேன். டெக் ஒன்று நண்பர் வீட்டிலிருந்து கிடைத்தது, பெல்ட் மாற்றினேன். பூசணம் பிடித்தவை 14. மற்றவை நன்றாக இருக்கின்றன. இதுவரை 31 கேசட் முடிந்தது. மகள் இப்போது அட்டைகளைப் படம் எடுத்து உரைக்கோப்பு எழுதித் தருகிறாள். தேதியில் சந்தேகம் வந்தால் பாட்டு வரிசையை வைத்து அவளே சரிபார்க்கிறாள்.

ஒன்றைச் சொல்லத்தான் வந்தேன். 1985 கோடைக் கச்சேரி ஒன்று, அட்டையில் ஏயூடி, முதல் தலைமுறை என்று இருந்தது. வெர்மான்ட் மனிதர் கொடுத்தது. ஆர்க்கைவில் அந்த இரவுக்கு இரண்டு பதிவுகள் இருக்கின்றன. இரண்டையும் கேட்டேன். இரண்டாவது செட்டின் நடுவில், கேசட் பக்கம் திருப்புகிற இடத்தில், இரண்டிலும் ஒரே வெட்டு. அதாவது இரண்டும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை. நாற்பது நொடி போல இல்லை. கார்சியா ஏறிக்கொண்டே போகும்போது சட்டென்று அறுந்து, வேறொரு இடத்தில் தொடங்குகிறது.

என் கேசட்டில் வெட்டு அங்கே இல்லை. இதைப் பதிந்தவர் வேறு ஆள், முந்தைய பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் பக்கத்தைத் திருப்பியிருக்கிறார். அந்த நாற்பது நொடி முழுசாக இருக்கிறது. நானும் மகளும் நாலு முறை கேட்டோம்.

ஸ்கார்பரோக்காரன் எழுதியது:

அண்ணை, எப்போது போடுவீர்கள்?

கேசட்பெட்டி எழுதியது:

நேற்றிரவே ஏற்றிவிட்டேன். உரைக்கோப்பில் வெர்மான்ட் மனிதரின் பெயரைப் போடவில்லை, அவரிடம் கேட்க வழி இல்லை. "1992இல் வெற்று கேசட்டும் தபால்தலையும் அனுப்பிப் பெற்றது" என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.

வினைல்வேட்டை, உங்களுக்கான 1974 கேசட் அடுத்த வாரம் முடிந்துவிடும். முகவரியைத் தனிமடலில் அனுப்புங்கள். பென் டிரைவில் போட்டுத் தருகிறேன். நாடாவைத்தியர் சார், அந்த 14 கேசட்டை என்ன செய்வது?

நாடாவைத்தியர் எழுதியது:

ஒவ்வொன்றையும் தனித்தனி ஜிப் பைக்குள் போட்டு, பையில் சிலிகா ஜெல் வைத்து, எனக்குக் கூரியரில் அனுப்புங்கள். நானே சுத்தம் செய்து மாற்றித் தருகிறேன். கட்டணம் வேண்டாம், திரும்ப அனுப்பும் கூரியர் செலவு மட்டும் போதும்.